நூற்று முப்பத்தெட்டாம் பாகை

காலை ஆறு மணிக்கு லோகநாதன் வழக்கம்போலப் பாலைப் பொங்கவிட்டார். தீய்ந்த வாசனை கூடம்வரை வந்தது. கோகிலவாணி பாயை விட்டு எழவில்லை. எழுந்து போனாலும் பயனில்லை. அவளுடைய வலக்கையில் மணிக்கட்டிலிருந்து தோள்பட்டைவரை கையின் அசைவை அளக்கும் சாம்பல் நிற உணர்கச்சை இறுகப் பிடித்திருந்தது. அந்தக் கச்சை பக்கத்தில் வந்தால் அடுப்பு தானாக அணைந்துவிடும். துவைக்கும் இயந்திரம் நின்றுவிடும். மாவரைக்கும் கிரைண்டர்கூட ஒரு சுற்றோடு மௌனமாகிவிடும்.

"வாணி, பாலு பொங்கிப் போச்சு. தொடைக்கற துணிய எங்க வெச்சிருக்கறே?"

"நீங்கதானுங்க வெச்சீங்க. சிங்குக்குக் கீழ பாருங்க."

"ஆமா, இருக்குது. சக்கர ஒரு கரண்டியா, ரெண்டா?"

"ஒண்ணு போதுமுங்க."

பத்து மாதமாக இதே கேள்வி, இதே பதில். ஒரு கரண்டி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார். அவளும் தினமும் புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கூடத்துச் சுவரில் வெளிச்சம் பரவியது. "வணக்கம் கோகிலவாணி அம்மா. இன்று உங்கள் முந்நூற்றுப் பதினோராம் நாள். நன்றாக உறங்கினீர்களா?" என்றது ஒரு பெண் குரல். அரசு வைத்த பெயர் 'மீட்சி இல்லப் பயிற்சித் திட்டம்'. அதை உபயோகிக்கும் பெண்களுக்கு அது வெறும் டீச்சர். டீச்சருக்கு முகம் கிடையாது. சுவரில் தெரிவது பயிற்சி செய்பவளின் உருவம்தான், பச்சைக் கோடுகளால் வரைந்ததாக. கை உயர உயர அதன் தோளுக்குப் பக்கத்தில் கோணத்தின் எண் ஏறும்.

முதலில் மூச்சு. பிறகு விரல்களை மடக்கி விரிப்பது, தோளைச் சுழற்றுவது, விரல்களால் சுவரில் ஏறுவது. கடைசியில்தான் கையைப் பக்கவாட்டில் மேலே தூக்குவது. கோகிலவாணி தூக்கினாள். தொண்ணூறு, நூற்றுப் பத்து, நூற்று முப்பது. நூற்று முப்பத்தெட்டாம் பாகையில் கை நின்றது. தினமும் ஒரே நிறுத்தத்தில் நிற்கும் டவுன் பஸ்ஸைப்போல அங்கேதான் நின்றது.

"இன்னும் சற்று முயலுங்கள் அம்மா. நூற்றைம்பது நமது இலக்கு."

"முடியல டீச்சர்."

"பரவாயில்லை. நாளை பார்க்கலாம்."

டீச்சர் ஒருநாளும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குச் சில நாட்களில் தோன்றும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் இருபத்தாறு வருடம் செக்கிங்கில் இருந்தவள். தைப்பதெல்லாம் இயந்திரக் கைகள் என்று ஆகிவிட்டது. கேமராக்கள் பார்த்து பாஸ் செய்த பீஸை ஒரு மனிதக் கண்ணும் பார்க்க வேண்டும் என்று வாங்குகிற நாட்டுக்காரன் விதி வைத்திருந்ததால் அவளுக்கு வேலை மிஞ்சியது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பார்ப்பாள். தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர். சரிசெய்து அனுப்பலாம் என்றால் அது ஆல்டர் பீஸ், தனிக்கூடை. வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு எட்டு மணி நேரம் காத்திருக்கும். வலது மார்பில் கட்டி வந்து அறுவை முடிந்து, ஆறு சுற்று மருந்தும் இருபத்தைந்து நாள் கதிரும் முடிந்தபோது, "நானும் ஆல்டர் பீஸுதான் போ" என்று மகனிடம் சொல்லிச் சிரித்தாள். ஆதிரன் சிரிக்காமல் அறைக்குள் போய்விட்டான்.

காப்புச் சட்டம் வந்த கதை ஊருக்கே தெரியும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் மூன்றாம் நாளே குடம் தூக்கினார்கள். பத்தாம் நாள் ஈரத்துணி பிழிந்தார்கள். கை வீங்கி, தோள் இறுகி, மறுபடியும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர்கள் வீட்டாருக்குச் சொல்லிப் பார்த்தார்கள். எழுதிக் கையெழுத்தும் வாங்கிப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்ட கை அடுத்த நிமிடம் காபி டம்ளருக்கு நீண்டது. மனிதர்களிடம் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் அரசாங்கம் அடுப்பிடம் சொன்னது.

அடுப்பு சொன்னபடி கேட்டது. கச்சை கட்டிய பெண்ணுக்கு எந்த வீட்டு இயந்திரமும் வேலை செய்யக்கூடாது. வீட்டார்தான் செய்ய வேண்டும். அவள் கை நூற்றைம்பது பாகை உயர்ந்து, பத்து எண்ணும்வரை நின்று, அப்படித் தொடர்ந்து ஏழு நாள் காட்டினால் காப்புக் காலம் முடிந்தது. அதற்கு முன்னால் யாரும் முடிக்க முடியாது. மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை ஊரே கட்டுக்குள் இருக்குமல்லவா, அப்படித்தான் இதையும் சனங்கள் எடுத்துக்கொண்டார்கள். "வாணிக்குக் காப்புக் கட்டியாச்சு" என்றுதான் லோகநாதன் சொந்தக்காரர்களிடம் சொன்னார். கட்டின காப்பை மீறும் துணிச்சல் அவருக்கு இல்லை.

ஐம்பத்து மூன்று வயதில் அவர் முதன்முதலாகச் சமையலறைக்குள் நின்றார். முதல் வாரம் சோறு குழைந்தது, இரண்டாம் வாரம் அடிப்பிடித்தது. கோகிலவாணி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் உள்ளேயிருந்து கேட்கக் கேட்க, வீட்டில் பேச்சு வந்தது. அதற்கு முன் அந்த வீட்டில் பேச்சு இல்லாமல் இல்லை. கரண்டு பில், மகன் படிப்பு, கல்யாணத்துக்கு எத்தனை பேர் போவது என்று அளவாகப் பேசிக்கொள்வார்கள். இது வேறு. புளி எத்தனை என்று ஆரம்பித்து, அவர் அம்மா வைக்கும் புளிக்குழம்புக்குப் போய், அங்கிருந்து அவர் ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடம் போகாமல் வாய்க்காலில் கிடந்த கதைக்குப் போகும். இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்தி அந்த வாய்க்கால் கதையை அவள் அப்போதுதான் கேட்டாள்.

அடுக்களையையும் அவர் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார். ஆள் ஆறடி. குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். கீழ் அலமாரியில் இருந்த சாமான்களை எல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றினார். பருப்பு டின், மிளகாய்த்தூள், பீங்கான் ஜாடி நிறையக் கல்லுப்பு என்று எல்லாம் அவர் கை எட்டும் உயரத்தில் வரிசையாக நின்றன. கோகிலவாணி கூடத்திலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காங்கேயத்துக்காரியைப் பார்த்தாள். மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் கையிலும் கச்சை.

"உங்களுக்கு எத்தன காட்டுதுங்க?"

"நூத்தி முப்பதுங்க."

காங்கேயத்துக்காரி குரலைத் தாழ்த்தினாள். "நூத்தம்பதத் தொட்டுப்போடாதீங்க."

"ஏனுங்க?"

"தொட்டீங்கன்னா எட்டாம் நாளு அடுப்புப் பத்திக்கும். நானு ஒரு வருசமா நூத்தி நாப்பதுலயே நிக்கறேன். என்ற வீட்டுக்காரரு கல்யாணமாகி இப்பத்தான் எங்கிட்டப் பேசறாருங்க. கொத்தமல்லி எது, புதினா எதுன்னு கேக்கறதுக்காச்சும் பேசறாரு."

கோகிலவாணிக்குக் கோபம் வந்தது. தையல் விட்டதை மறைத்துப் பெட்டியில் அடைக்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தன் முறை வந்ததும் எழுந்து போனாள்.

தொண்ணூற்றேழாம் நாள் அவள் கை நூற்று நாற்பத்தொன்பதுக்கு ஏறியது. பச்சை உருவத்தின் விளிம்பு பொன்னிறமாக மாறத் தொடங்கியது. "அருமை அம்மா! இன்னும் ஒரே ஒரு பாகை" என்றது டீச்சர். வலி இருந்தது, ஆனால் தாங்குகிற வலி. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து லோகநாதன், "வாணி, நேத்து ஒரு கனவு வந்துச்சு, சொல்லட்டுமா? இந்த வெங்காயத்த வதக்கிப்போட்டு வந்து சொல்றேன்" என்றார்.

கனவா? இந்த மனிதருக்குக் கனவெல்லாம் வருமா? அவள் கையை இறக்கிவிட்டாள். யோசித்துச் செய்ததில்லை. கனவைக் கேட்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் கை நூற்று முப்பத்தெட்டில் நின்றது. அது யோசித்துச் செய்தது.

கை எதுவரை போனது என்பது கச்சைக்குத் தெரியும். ஏன் நின்றது என்பது அதற்குத் தெரியாது.

கையைப் பாழாக்குவது அவள் எண்ணமில்லை. குளிக்கும்போது மட்டும் இருபது நிமிடம் கச்சையைக் கழற்றலாம். குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒன்பது வரிசை. யாரும் எண்ணாத அந்த அறையில், வலக்கையை முழுசாக நீட்டி ஒன்பதாம் வரிசையைத் தொடுவாள். தொட்டுவிட்டு வெளியே வந்து கச்சையைக் கட்டிக்கொண்டு நூற்று முப்பத்தெட்டில் நிற்பாள். இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிற கடைக்காரனைப்போல இருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஐந்தாம் மாதம் பர்வீன் வந்தாள். மீட்சித் திட்டத்தின் களப்பணியாளர். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, கச்சையைக் கழற்றி, படுக்க வைத்துக் கையைத் தானே தூக்கிப் பார்ப்பாள். அன்று மதியம் சாப்பிட்ட மயக்கத்தில் கோகிலவாணி கண்ணை மூடிக் கிடந்தாள். பர்வீனின் கைக்குள் அவள் கை நூற்று அறுபதுவரை தடையில்லாமல் போனது.

பர்வீன் தன் கைத்திரையைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"கை வருதேக்கா."

கோகிலவாணி கண்ணைத் திறந்தாள். உள்ளேயிருந்து லோகநாதனின் குரல் வந்தது. "வாணி, வெந்தயத்த எப்பப் போடோணும்?"

"தாளிக்கறப்பவே போட்டுருங்க. கருகாமப் பாத்துக்குங்க."

"நேத்தும் இதேதான் சொன்னே. எனக்குத்தான் மறந்து மறந்து போவுது."

பர்வீன் அடுக்களைப் பக்கம் பார்த்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட முகம். "என்ற வேலையில இதாட்ட நெறைய வீடு பாக்கறேன்க்கா" என்றாள் மெதுவாக. கைத்திரையில் 'திசு இறுக்கம். இதற்கு மேல் அசைவு எதிர்பார்ப்பதற்கில்லை' என்று பதிந்தாள்.

"கண்ணு, உனக்கு ஏதாச்சும் ஆயிப்போகுமா?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. தனியா இருக்கறப்ப கைய மேல வரைக்கும் தூக்கிட்டே இருங்க. நீங்க நிறுத்துனா அதும் நின்னு போயிரும். அப்பறம் கூப்பிட்டாலும் வராது."

"தூக்கறேன் கண்ணு. தெனமும் தூக்கறேன்."

சொன்னபோது அது உண்மைதான். ஆனால் எண்ணுவதற்கு ஆளில்லாமல் வலியை யார் தானாகத் தேடிப் போவார்கள்? தினமும் என்பது ஒன்றுவிட்ட ஒருநாளாயிற்று. அவசரமாகக் குளிக்கிற நாட்களில் இல்லை, மழை நாளில் இல்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நடிப்பு எந்த நாளில் நிஜமானது என்று அவளுக்கே தெரியாது. எட்டாம் மாதம் ஒருநாள் ஒன்பதாம் வரிசைக்கு எட்டிப் பார்த்தாள். விரல் எட்டாம் வரிசையில் வழுக்கியது. சோப்புக் கை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அதன்பிறகு குளியலறையில் அந்தச் சுவரைப் பார்க்காமல் குளிக்கப் பழகினாள்.

முந்நூற்றுப் பதினான்காம் நாள், திங்கட்கிழமை. மூச்சு, விரல், தோள், சுவர். கை உயர்ந்தது. நூற்று முப்பத்தெட்டு.

"முடியல டீச்சர்" என்று அவள் சொல்லத் தொடங்குவதற்குள் சுவர் முழுக்கப் பொன்னிறப் பூக்கள் உதிர்ந்தன.

"வாழ்த்துகள் கோகிலவாணி அம்மா! தொடர்ந்து ஏழு நாட்களாக இலக்கைக் கடந்திருக்கிறீர்கள். நீங்கள் முழுமையாக மீண்டுவிட்டீர்கள். உங்கள் காப்புக் காலம் இன்றுடன் நிறைவடைகிறது. உங்களோடு பயின்றது எனக்கு மகிழ்ச்சி."

"டீச்சர், இருங்க. நூத்தம்பதுதானே?"

சுவர் வெறும் சுவராகிவிட்டது. கச்சையின் கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தாமே விடுபட்டன. அடுக்களையில் அடுப்பு ஒரு சின்ன மணியோசை எழுப்பியது.

லோகநாதன் கரண்டியோடு ஓடிவந்தார். தரையில் கிடந்த கச்சையைப் பார்த்தார். முகம் கோணியது. கண்ணில் மளமளவென்று தண்ணீர் வந்தது. வேஷ்டி முனையால் துடைத்துக்கொண்டார். பத்து மாதமும் அவர் ராத்திரியில் எழுந்து அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தவர். அது அவளுக்கும் தெரியும். அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டும் பொய்யில்லை.

"பொழச்சுட்டே வாணி. டேய் ஆதிரா, உங்கம்மாளுக்குக் கொணமாயிருச்சுடா!"

கரண்டியை அவள் கையில் கொடுத்தார். "இந்தா, உன்ற ராஜ்யம். நான் ஏதோ என்னால ஆனமட்டும் ஓட்டிட்டேன்." விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டு போனை எடுத்தார். பத்து மாதமாகக் கரண்டி பிடித்த கை, ஐந்தே நிமிடத்தில் பழைய கையாகிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. அடுப்பு மாறியிருந்தது, அவர் மாறவில்லை, அவ்வளவுதான்.

அவள் தோசை ஊற்றினாள். எத்தனை என்று கேட்டதற்கு மூன்று என்றார். வேறு பேச்சில்லை.

பதினோரு மணிக்குக் கச்சையைத் திரும்ப வாங்கிப் போகப் பர்வீன் வந்தாள். வாசலிலேயே அவள் முகம் சரியில்லை. கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "எலக்கக் கொறச்சுட்டாங்கக்கா" என்றாள். "நூத்தி முப்பத்தஞ்சு."

"ஏன் கண்ணு?"

"நம்ம மேக்கு மாவட்டங்கள்ல பதினோராயிரம் பொம்பளைங்க கை நூத்தி முப்பத்தஞ்சுக்கும் நாப்பதுக்கும் நடுவுல நிக்குதாமா. எங்க ரிப்போர்ட்டையெல்லாம் எடுத்துப் பாத்திருக்காங்க. எல்லாத்துலயும் ஒரே வரிக்கா. திசு இறுக்கம், இதுக்கு மேல வராது." பர்வீன் குரல் உடைந்தது. "நான் மட்டும்தான் எழுதறேன்னு நெனச்சேன். அவிய அவிய பாத்த வீட்டுக்கு எரக்கப்பட்டு எல்லாரும் எழுதியிருக்காங்க. நம்ம பொம்பளைங்க ஒடம்புக்கு அவ்வளவுதான் வரும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

கோகிலவாணி அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பதினோராயிரம் அடுப்புகள் இன்று காலை ஒரே நேரத்தில் மணியடித்திருக்கும். காங்கேயத்திலும் ஒன்று அடித்திருக்கும். கேமரா பார்த்த பீஸை ஒரு கண் பார்க்க வேண்டும் என்று அவளைப் போட்டிருந்தார்கள். அவளைப் பார்த்த கண்ணோ இரக்கப்பட்டுப் பார்த்துவிட்டது. குறையெல்லாம் பாஸ் ஆகிப் பெட்டிக்குள் போய்விட்டது.

"கையக் காட்டுங்க" என்றாள் பர்வீன். படுக்க வைத்துத் தூக்கினாள். நூற்று முப்பத்தெட்டில் கை நின்றது. பர்வீன் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கோகிலவாணி பல்லைக் கடித்தாள். எண் நகரவில்லை.

"தனியாத் தூக்கறேன்னு சொன்னீங்களேக்கா."

"சொன்னேன் கண்ணு."

"இப்ப நீங்க திட்டத்துலயே இல்ல. மறுபடி சேக்கோணும்னா இறுகிப் போச்சுன்னு எழுதோணும். நான்தான் ஏற்கனவே எழுதித் தொலச்சுட்டேனே, அது இப்ப கொணம்னு ஆயிப்போச்சே." கச்சையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஒரு நாளைக்கு மூணு வேள, பத்து எண்ணுற வரைக்கும். கூட ஒரு ஆளு நின்னு எண்ணுனா ஆறு மாசத்துல வந்தாலும் வரும். ஆளு வேணும்க்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவளுக்கு இருபத்து மூன்று வீடு.

மதியச் சமையல். துவரம்பருப்பு வெந்து, கத்திரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் போட வேண்டும். ஜாடி மேல்தட்டில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இறக்க வேண்டிய ஜாடி. கோகிலவாணி இரண்டு கையையும் தூக்கினாள். இடக்கை ஜாடியைத் தொட்டது. வலக்கை தட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. எக்கினாள். தோளுக்குள் கம்பி இழுத்துக் கட்டியதுபோல இருந்தது. இத்தனை நாள் அவளே நிறுத்திய இடம். இன்று விட்டாலும் போகவில்லை.

"ஏனுங்க."

"ம்."

"உப்பு ஜாடி எட்டலைங்க."

"ஸ்டூலு போட்டு எடுத்துக்க வாணி."

அவள் கையை இறக்கவில்லை. குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பத்து மாதத்தில் அந்த அடுக்களை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. அவள் அழுதாள். சத்தமில்லாமல்தான் அழுதாள், ஆனால் மூக்கை உறிஞ்சியது கூடம்வரை கேட்டுவிட்டது.

லோகநாதன் வந்து வாசற்படியில் நின்றார். அரைகுறையாக நின்ற கையைப் பார்த்தார். "என்னாச்சு? கொணமாயிருச்சுன்னு காட்டுச்சே?"

"கொணமாகலீங்க. இது மேல வராது."

"அப்பறம் எதுக்கு அவுத்து உட்டாங்க?"

அவள் சொன்னாள். தொண்ணூற்றேழாம் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். காங்கேயத்துக்காரி, கனவு, டைல்ஸ், பர்வீன் எழுதிய வரி, எதையும் விடவில்லை. அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"கையக் கெடுத்துக்கிட்டியே! எதுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே செய்ய மாட்டனா?"

"செஞ்சிருப்பீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். அடுப்பைப் பார்த்தார். காலையில் தான் கொடுத்த கரண்டி அதன் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தார். "மாட்டேன்" என்றார். "அது அணஞ்சு போச்சு, அதனால வந்து நின்னேன். இல்லீன்னா வந்திருக்க மாட்டேன்."

இருபத்தேழு வருடத்தில் அவர் அவளிடம் சொன்ன வார்த்தைகளில் இதைவிட நேரான வார்த்தை இல்லை. அவளுக்கு வலித்தது. ஆனால் பொய் சொல்லவில்லையே என்று ஒரு ஓரத்தில் ஆறுதலாகவும் இருந்தது.

அவர் முன்னால் வந்து ஜாடியை எடுக்கக் கையை நீட்டினார். அவருக்கு அது சுலபமாக எட்டும்.

"எடுக்காதீங்க."

"உப்புப் போடோணுமல்ல?"

"நான் எடுக்கற வரைக்கும் அது அங்கியே இருக்கட்டும். எடுக்கற அன்னைக்கு உப்புப் போட்டுக்கலாம்."

"இந்தக் கையாலயா? எத்தன நாளாகும்?"

"ஆறு மாசங்கறா பர்வீன். வந்தா உண்டு, வராட்டி இல்ல. நானு தூக்கறப்ப பக்கத்துல நின்னு எண்ணுறதுக்கு ஒரு ஆளு வேணும்."

லோகநாதன் நீட்டிய கையை இறக்கினார். அடுப்புப் பக்கம் நகர்ந்து கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறினார். நாளைக்கும் எடுப்பாரா என்று அவளுக்குத் தெரியாது. அடுப்பைக் கேட்டும் பயனில்லை. அது இனிமேல் யாரையும் மறுக்காது.

"தூக்கு" என்றார், திரும்பாமல். "ஒண்ணு."

அவள் வலக்கை விரல்களைச் சுவரில் ஊன்றி ஏற்றினாள். ஏழில் கை நடுங்கியது. பத்துவரை அவர் நிதானமாக எண்ணினார்.

ஒன்றரை மணிக்கு ஆதிரன் அறையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். ஒரு வாய் எடுத்து வைத்தவன் அப்படியே நிறுத்தினான். "என்னம்மா, உப்பே போடலியா? கொணமான மொத நாளே இப்படியா?" தட்டை வைத்துவிட்டு எழுந்தான். அவனும் அப்பனைப்போல ஆறடி. இரண்டே எட்டில் அடுக்களைக்குள் போய் மேல்தட்டுக்குக் கையைத் தூக்கினான்.

கோகிலவாணி சாதத்தைப் பிசைந்துகொண்டே கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவரும் அப்போதுதான் முதல் வாயை விழுங்கியிருந்தார்.

"டேய், அத வெச்சுட்டு வந்து உக்காரு" என்றார் லோகநாதன்.

"உப்புப்பா."

"தெரியும். உங்கம்மா எடுப்பா."

"எப்ப?"

அவர் உப்பில்லாத சோற்றை இன்னொரு கவளம் உருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.